வீரமாமுனிவர்: 'எரி'யையும் 'ஏரி'யையும் பிரித்துக் காட்டிய இத்தாலிக்காரர்! உங்க போன் கீபோர்டில் 'ஏ' வந்த கதை

பாகூர் பக்கம் இருப்பவர்கள் வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு சின்னச் சிக்கலைச் சந்திப்பார்கள். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது, பாகூர் ஏரியில் இருக்கும் 'ஏரி'யும் அடுப்பு எரியும்போது வரும் 'எரி'யும் ஒரே மாதிரிதான் வரும். 'கொடு' என்று அடித்தாலும் 'கோடு' என்று அடித்தாலும் அதே நான்கு எழுத்துதான். படிக்கிறவர்தான் முன்னே பின்னே பார்த்து எது என்று ஊகிக்கணும்.

தமிழ் கீபோர்டுக்கு மாறினால் இந்தப் பிரச்சினையே இல்லை. 'எ' தனி பட்டன், 'ஏ' தனி பட்டன். ஆனா 300 வருஷத்துக்கு முன்னாடி தமிழ் எழுத்திலேயே இதே குழப்பம் இருந்தது என்றால் நம்ப முடியுதா? ஓலைச்சுவடியில் 'எரி', 'ஏரி' இரண்டையும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எழுதினார்கள். அதைப் பிரித்துக் காட்ட வழி சொன்னவர் 30 வயதுக்கு மேல் தமிழ் படிக்க ஆரம்பித்த ஒரு வெளிநாட்டுக்காரர்.

இணையதளம், மொபைல் ஆப் வடிவமைப்பவர்கள் இன்று சில விதிகளைச் சொல்வார்கள். ஒரு குறிக்கு ஒரு பொருள்தான் இருக்கணும். பயனாளர் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டிய நிலை வரக்கூடாது. தேடினால் உடனே கிடைக்கணும். கையில் இருக்கும் கருவிக்கு ஏத்த மாதிரி வடிவம் இருக்கணும். கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் இந்த வேலைகளை எல்லாம் தமிழுக்குச் செய்தவர்தான் வீரமாமுனிவர்.

யார் இந்த வீரமாமுனிவர்?

இயற்பெயர் கான்ஸ்டன்சோ ஜோசப் பெஸ்கி. 1680 நவம்பர் 8-ஆம் தேதி, இத்தாலியில் மாந்துவா பகுதியில் உள்ள காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710-இல் கப்பலேறி கோவாவுக்கு வந்து, அடுத்த வருஷமே மதுரை மிஷன் பணிக்காகத் தமிழகம் வந்துவிட்டார்.

வந்ததும் முதலில் பெயரை மாற்றிக்கொண்டார். சொந்தப் பெயரின் பொருளையொட்டி தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். அதில் வடமொழி வாடை அடிக்கிறது என்று பிறகு வீரமாமுனிவர் ஆனார் என்பார்கள். உடையும் காவிக்கு மாறியது. இதெல்லாம் அவருக்கு முன்பே ராபர்ட் டி நொபிலி போட்டுக்கொடுத்த பாதைதான், புதுசு இல்லை. பெஸ்கியிடம் புதுசாக இருந்தது மொழி மேல் அவர் காட்டிய வெறி.

சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் படித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தமிழகம் வந்து 15 வருஷத்தில், 1726-இல், 'தேம்பாவணி' என்ற காப்பியத்தை முடித்தார். புனித சூசையப்பர் கதை. 36 படலங்கள், 3,615 பாடல்கள். தாய்மொழியில் இப்படி ஒன்றை எழுதுவதே ஆயுள்கால வேலை. இவர் வளர்ந்தபின் கற்ற மொழியில் எழுதினார்.

பள்ளிப் பாடப்புத்தகத்தில் பெரும்பாலும் இந்தக் காப்பியத்தோடு கதை முடிந்துவிடும். நாம் தினமும் பயன்படுத்தும் அவருடைய வேலை அதில் இல்லை.

ஓலையில் புள்ளி வைத்தால் என்ன ஆகும்?

பழைய இலக்கண விதி என்ன? 'எ', 'ஒ' இரண்டும் குறில் என்று காட்ட அவற்றின் மேல் புள்ளி வைக்கணும். புள்ளி இல்லாவிட்டால் நெடில். தொல்காப்பியமும் அதைத்தான் சொல்கிறது, நன்னூலும் அதைத்தான் சொல்கிறது. மெய்யெழுத்துக்கும் புள்ளிதான்.

விதி சரியாகத்தான் இருந்தது. கருவிதான் ஒத்துழைக்கவில்லை. பனையோலையில் எழுத்தாணியால் கோடு கீறலாம், வளைவு போடலாம். புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும், நாளாவட்டத்தில் அந்த இடத்திலேயே கிழியும். அதனால் ஏடு எழுதுகிறவர்கள் புள்ளியையே விட்டுவிட்டார்கள். கல்லில் வெட்டியபோதும் ஒழுங்கு இல்லை. பழைய கல்வெட்டுகளைப் பார்த்தால் புள்ளி ஒரு இடத்தில் இருக்கும், அடுத்த இடத்தில் இருக்காது. பாகூர் மூலநாதர் கோயில், வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் போன்ற இடங்களில் கல்வெட்டைப் பார்த்துவிட்டு, தமிழ் தெரிந்தும் படிக்க முடியலையே என்று நிற்பவர்கள் உண்டு. எழுத்தின் உருவம் மாறிப்போனது ஒரு காரணம். இந்தப் புள்ளி விவகாரம் இன்னொரு காரணம்.

விளைவு எப்படி இருந்தது என்று பாருங்க. செறு என்றால் வயல். சேறு என்றால் அந்த வயலில் காலில் ஒட்டுவது. இரண்டும் ஒரே எழுத்து. பெறுவதும் பேறும் ஒன்று. தொடுவதும் தோடும் ஒன்று. கெடுவும் கேடும் ஒன்று. போதாத குறைக்கு, துணைக்காலும் 'ர' எழுத்தும் ஏட்டில் ஒரே உருவம். ஒரு கொம்பு, ஒரு 'க', ஒரு கால் என்று மூன்று உருவம் வரிசையாக வந்தால் அதை 'கொ' என்றும் படிக்கலாம், 'கோ' என்றும் படிக்கலாம், 'கெர' என்றும் படிக்கலாம், 'கேர' என்றும் படிக்கலாம். புள்ளியும் இல்லையே, அதனால் 'கெர்', 'கேர்' என்றும் படிக்கலாம்.

பாட்டை ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருப்பவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. ஏடு அவருக்கு ஞாபகப்படுத்தும் கருவி மட்டும்தான். மாட்டிக்கொள்வது புதுசாகப் படிக்க வருகிறவர். சோழர் காலத்திலிருந்து தமிழ்ப் புலவர்கள் இந்தக் குறையைச் சகித்துக்கொண்டதற்கும், 30 வயதில் அரிச்சுவடி பிடித்த ஒரு இத்தாலியர் அதைச் சகிக்காததற்கும் காரணம் இதுதான். ஆப் உருவாக்குகிறவர்கள் அதைப் பார்த்தே இராத ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோதிப்பது இதே காரணத்துக்காகத்தான். பழகினவர் கண்ணுக்குக் குறை தெரியாது.

ஒரு நீட்டம், ஒரு சுழி

வீரமாமுனிவர் கொண்டுவந்த தீர்வு ரொம்பச் சின்னது. குறிலுக்குப் புள்ளி வைத்து அடையாளம் காட்டுவதற்குப் பதிலாக நெடிலின் உருவத்தையே கொஞ்சம் மாற்றினார். 'எ'வின் கோட்டைக் கீழே இழுத்து நீட்டினால் 'ஏ'. 'ஒ'வின் அடியில் ஒரு சுழி போட்டால் 'ஓ'. கொம்பின் தலையை இன்னொரு சுற்று சுற்றினால் நெடில் கொம்பு. பள்ளிக்கூடத்தில் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்று நாம் படித்தது இதைத்தான். 'கெ'வும் 'கே'யும் பிரிந்தன. 'கொ'வும் 'கோ'வும் பிரிந்தன.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் புது எழுத்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. கோடும் சுழியும் எழுத்தாணிக்கு ஏற்கெனவே பழக்கமான அசைவுகள். ஓலை கிழியாது. பழைய முறையில் படித்துப் பழகியவர் புது ஏட்டை எடுத்தாலும் தடுமாற மாட்டார், ஏனென்றால் எழுத்தின் அடிப்படை உருவம் அப்படியேதான் இருந்தது. அப்டேட் போட்டதும் பழைய பட்டன் எங்கே போச்சு என்று தேடவைக்கும் இன்றைய ஆப்களை நினைத்துப் பார்த்தால் இந்த நிதானத்தின் அருமை புரியும்.

துணைக்காலையும் 'ர'வையும் பிரித்ததும் இவர்தான் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. எ-ஏ, ஒ-ஓ விஷயத்தில்தான் உறுதியான ஆதாரம் இருக்கிறது. 1730-இல் எழுதிய தன்னுடைய 'தொன்னூல் விளக்கம்' இலக்கணத்தில் நீட்டுவது, சுழிப்பது பற்றி அவரே விதி எழுதி வைத்திருக்கிறார்.

உடனே எல்லாரும் மாறிவிட்டார்களா என்றால், இல்லை. அவர் இறந்த பிறகும் ஏடுகள் பழைய மாதிரியேதான் எழுதப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த அச்சுப் புத்தகங்கள் சிலவற்றில்கூட ஏட்டைப் பார்த்து அப்படியே புள்ளி இல்லாமல் கோத்திருக்கிறார்கள். அச்சு பரவிய பிறகுதான் இந்த வேறுபாடு நிலைத்தது. நல்ல வடிவம் மட்டும் இருந்தால் போதாது, அதைச் சுமந்துகொண்டு போக ஒரு வாகனமும் வேணும்.

தமிழில் 'சர்ச்' வசதி

1732-இல் அவர் முடித்த 'சதுரகராதி' அடுத்த பெரிய வேலை. அதற்கு முன்னாடி ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியணும் என்றால் நிகண்டுதான். நிகண்டு பாட்டாக இருக்கும். தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று தொகுதி தொகுதியாகப் பிரித்திருக்கும். மாணவர்கள் சின்ன வயதிலேயே உருப்போட்டுவிடுவார்கள். உருப்போட்டவருக்கு நிகண்டைவிட வேகமான கருவி கிடையாது. உருப்போடாதவருக்கு அது பூட்டிய பெட்டி. தெரியாத சொல் எந்தத் தொகுதியில் இருக்கும் என்று கண்டுபிடிக்கவே அந்தச் சொல்லின் பொருள் தெரிஞ்சிருக்கணும்!

சதுரகராதியில் சொற்கள் அகர வரிசையில் வரும். மனப்பாடம் வேண்டாம். முதல் எழுத்து, அடுத்த எழுத்து என்று பார்த்துக்கொண்டே போனால் சொல் கிடைத்துவிடும். பெயர் சொல்வது போலவே அதில் நான்கு வாசல்கள். ஒரு சொல்லுக்கு என்னென்ன பொருள் என்று பார்க்கப் பெயரகராதி. ஒரு பொருளுக்கு என்னென்ன சொற்கள் என்று பார்க்கப் பொருளகராதி. தொகையாக வருபவற்றுக்குத் தொகையகராதி. எதுகை தேடும் கவிஞர்களுக்குத் தொடையகராதி. அதாவது தேடி வருகிறவர் யார், எதற்காகத் தேடுகிறார் என்று யோசித்து, அவரவருக்கு ஒரு வழி திறந்துவைத்திருக்கிறார். ஒரே சரக்குக்கு நான்கு வடிகட்டிகள்.

அகர வரிசை என்ற யோசனையே இவருடையதா என்றால், முழுசாக இல்லை. 1594-லேயே சிதம்பரம் ரேவணசித்தர் 'அகராதி நிகண்டு' என்ற நூலில் சொற்களை முதல் எழுத்து வரிசையில் அடுக்கிவிட்டார். ஆனால் அதுவும் சூத்திர வடிவம்தான். ஐரோப்பிய அகராதிகளின் பாணியில் உரைநடையில் அமைத்தது வீரமாமுனிவர். 'எ'வும் 'ஏ'யும் ஒரே உருவத்தில் இருந்தால் அகர வரிசைத் தேடல் பாதியில் மாட்டிக்கொள்ளும் என்பதையும் சேர்த்து யோசித்தால், எழுத்துத் திருத்தமும் அகராதியும் ஒரே மூளையின் ஒரே வேலை என்பது தெரியும்.

அவர் பிறந்த நவம்பர் 8-ஐத் தமிழ்நாடு அரசு இப்போது தமிழ் அகராதியியல் நாளாகக் கொண்டாடுகிறது.

பேச்சுத் தமிழுக்குத் தனி புத்தகம்

படித்தவர் தமிழ் வேறு, தெருவில் பேசும் தமிழ் வேறு என்பதை அந்தக் காலத்து இலக்கணக்காரர்கள் கண்டுகொள்ளவே இல்லை. வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஒன்று, கொடுந்தமிழுக்கு ஒன்று என்று லத்தீனில் தனித்தனி இலக்கணம் எழுதினார். இங்கே 'கொடும்' என்பது கொடுமை இல்லை, வளைந்தது. பேச்சுவழக்கு என்று வைத்துக்கொள்ளலாம். புதிதாக வரும் பாதிரியார்கள் சனங்களோடு பேச வேண்டும், அதற்கு எந்தத் தமிழ் வேணுமோ அதைக் கொடுத்தார். 'பரமார்த்த குரு கதை'யும் அந்த வகைதான். முட்டாள் குருவும் ஐந்து சீடர்களும் அடிக்கும் கூத்தை எளிய உரைநடையில் எழுதினார். மொழி பழகுகிறவர் சிரித்துக்கொண்டே படிக்கலாம். 1822-இல் பெஞ்சமின் பாபிங்டன் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து லண்டனில் அச்சிட்டார்.

ஒரு வேடிக்கை. 1728-இல் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-இல் அச்சிட்டது யார் தெரியுமா? தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் அச்சகம். வீரமாமுனிவர் யாரோடு வருஷக்கணக்கில் சமய வாதம் செய்துகொண்டிருந்தாரோ, யாரைக் கண்டித்து நூல்கள் எழுதினாரோ, அதே ஆட்கள். எழுத்தில் இருவரும் கடுமையாகத் தாக்கிக்கொண்டார்கள். ஆனாலும் பேச்சுத் தமிழ் படிக்க அதைவிட நல்ல புத்தகம் அவர்கள் கையில் இல்லை.

திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் கொண்டுபோனதும் இவரே. காமத்துப்பாலைத் தொடவில்லை. துறவி என்பதால் விட்டுவிட்டார் என்று புரிந்துகொள்ளலாம், ஆனா குறளை முழுசாகப் பார்க்கும் வாய்ப்பு அந்த லத்தீன் வாசகருக்குப் போச்சு.

அவரைச் சுற்றிக் கதைகளும் நிறைய. சந்தா சாகிப்பிடம் திவானாக இருந்தார், பல்லக்கில் பவனி வந்தார் என்று பழைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. சந்தா சாகிப்போடு பழக்கம் இருந்திருக்கலாம். திவான் பதவி என்பதற்கு அந்தக் காலத்து ஆவணங்களில் பலமான ஆதாரம் இல்லை. ஒரு இயேசு சபைத் துறவி அப்படிப்பட்ட பதவியில் உட்காருவதும் சந்தேகம்தான்.

வில்லியனூரில் மறுபடி எழுந்த கேள்வி

யாருக்காக வடிவமைக்கிறோம் என்ற அதே கேள்வி 1998-இல் புதுச்சேரி கிராமங்களில் கம்ப்யூட்டர் வடிவில் வந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. நெல் விலை, அரசுத் திட்டங்கள், மருத்துவத் தகவல் எல்லாம் தமிழில். ஆங்கில எழுத்து போட்ட சாதாரண கீபோர்டில் தமிழ் அடிக்க ஊர்க்காரர்கள், அதிலும் முக்கியமாகப் பெண்கள், பழகிக்கொண்டார்கள்.

வீராம்பட்டினம் மீனவர்களுக்குத் தேவைப்பட்டது கடல் அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அந்தத் தகவல் கிடைத்தது. விடிவதற்குள் படகைத் தள்ளுகிறவர் மையத்துக்கு வந்து திரையைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாரே? அதனால் அதை ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். கடற்கரையில் நிற்பவருக்குக் காதுதான் சரியான திரை. செந்தமிழ் தெரிந்தவருக்கு ஒன்று, தெருவில் பேசுகிறவருக்கு ஒன்று என்று வீரமாமுனிவர் பிரித்த அதே கணக்குதான் இது.

புதுச்சேரிக்காரர் தேடிக் கொண்டுவந்த ஏடுகள்

ஏலாக்குறிச்சியிலும் கோணாங்குப்பத்திலும் அவர் எழுப்பிய கோயில்கள் இன்றும் இருக்கின்றன. ஏலாக்குறிச்சிக்கு அவர் வைத்த பெயர் திருக்காவலூர், அந்த ஊர் மாதா மேல் ஒரு கலம்பகமும் பாடியிருக்கிறார். 1741-இல் மராத்தியர்கள் திருச்சியைப் பிடித்தபோது நாடே கலங்கியது. கடைசிக் காலத்தை அவர் தெற்கிலும் கேரளத்திலும் கழித்தார். 1747 பிப்ரவரி 4-ஆம் தேதி கேரளத்தின் அம்பலக்காட்டில் இறந்தார்.

தமிழ் நூல்களில் பெரும்பாலானவை அப்போது ஏட்டில்தான் இருந்தன. பிரதி எடுப்பவர் இல்லாவிட்டால் செல்லரித்துப் போயிருக்கும். ஏறத்தாழ 70 வருஷம் கழித்து, சென்னையில் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1816-இல் ஒருவரைத் தென்மாவட்டங்களுக்கு அனுப்பி அந்த ஏடுகளைத் தேடச் சொன்னார். அந்த ஒருவர் புதுச்சேரியைச் சேர்ந்த முத்துசாமிப் பிள்ளை. தேடிப் போனவர் ஏடுகளோடு நிற்காமல், கேட்ட செய்திகளை எல்லாம் தொகுத்து 1822-இல் வீரமாமுனிவரின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் எழுதினார். திவான் கதை வந்ததும் அதிலிருந்துதான். குறைகள் இருந்தாலும், அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதிக்கு அந்தப் புத்தகமே தொடக்கம்.

'தேம்பாவணி' முதன்முதலில் அச்சானதும் புதுச்சேரியில்தான். 1851 முதல் 1853 வரை மூன்று பகுதிகளாக மிஷன் அச்சகம் வெளியிட்டது. அச்சுக் கோப்பவரின் பெட்டியில் அப்போது 'எ'வுக்கு ஒரு அறை, 'ஏ'வுக்கு ஒரு அறை. அங்கிருந்து தட்டச்சு இயந்திரத்துக்குப் போய், பிறகு யூனிகோடில் ஆளுக்கொரு எண்ணாக உட்கார்ந்தன. 1999-இல் முடிவான தமிழ்99 கீபோர்டில் குறில் 'எ' நடு வரிசையில் இருக்கிறது, அதன் நேர் மேலே நெடில் 'ஏ'. 'ஒ'வும் 'ஓ'வும் கீழ் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில்.